ஒன்பது சதுரமும் ஐந்து அளவுகளும்: குவில்டிங்கை எங்கே கற்பது?

கேள்வி: வீட்டுத் தையல் எனக்குப் புதிதல்ல. திரைச்சீலை, தலையணை உறை, பை எல்லாம் தைப்பேன். சில மாதங்களாக, துணித்துண்டுகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் குவில்டிங்கில் ஆசை. இலவச வீடியோக்களைப் பார்த்து, ஒன்பது சதுரங்கள் சேர்ந்த கட்டங்கள் நான்கு தைத்தேன். ஒவ்வொரு சதுரத்தையும் 3½ அங்குலத்துக்கு வெட்டினால், தைத்த கட்டம் 9½ அங்குலம் வரவேண்டும் என்றார்கள். எனக்கு ஒன்று 9¼ வந்தது, இன்னொன்று 9⅜, மூன்றாவது 9⅛. நான்காவது ஒரு பக்கம் 9¼, எதிர்ப்பக்கம் 9⅝. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூலைகள் சேரவே மறுக்கின்றன. ஒரு துணிக்கடையில் ஆறு வார வகுப்பு நடத்துகிறார்கள்; வாரம் ஒரு புது வகைக் கட்டம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதில் பாதிக் கட்டணத்தில் ஓர் இணைய வகுப்பு இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பார்க்கலாமாம். வீட்டில் இருப்பவர்களோ, 'இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம்?' என்கிறார்கள். நான் இடதுகைப் பழக்கம் உள்ளவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதில் சேரலாம்? தைத்த நான்கு கட்டங்களையும் என்ன செய்வது?

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். அளவுகளை எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. 'சரியாக வரவில்லை' என்று மட்டும் எழுதுபவர்கள்தான் அதிகம். அதை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் ஐந்து எண்களை அனுப்பியிருக்கிறீர்கள். எந்த வகுப்பு என்ற கேள்விக்கு அவையே பாதி பதில் சொல்லிவிடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். மூன்று சதுரங்களைப் பக்கவாட்டில் வைத்தால் 10½ அங்குலம். நடுவே இரண்டு தையல்கள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் கால் அங்குலம் உள்ளே போகிறது. ஆக மொத்தம் ஓர் அங்குலம் குறைந்து 9½ மிஞ்ச வேண்டும். நீங்கள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளித் தைத்தால், ஒரு தையலுக்கு ⅛ அங்குலம் கூடுதலாகப் போகும்; இரண்டு தையலில் ¼. அப்போது கட்டம் 9¼ வரும். உங்கள் நான்கு கட்டங்களுமே 9¼ ஆக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை மூன்று வரியில் முடித்திருப்பேன்: தையலைச் சற்று ஒடுக்குங்கள், எந்த வகுப்பிலும் சேர வேண்டாம் என்று.

ஆனால் உங்கள் அளவுகள் ஒன்றாக இல்லை. ஒரே மாதிரி தவறினால் குற்றம் தையலில். கட்டத்துக்குக் கட்டம் மாறினால் வெட்டுவதையோ இஸ்திரி போடுவதையோ சந்தேகிக்க வேண்டும். நான்காவது கட்டம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 9½க்குக் குறைவாக வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. 9⅝, அதாவது வரவேண்டியதைவிடக் கூடுதலாக வருவதற்கு அதிகக் காரணங்கள் கிடையாது. ஒன்று, சில சதுரங்களே பெரிதாக வெட்டப்பட்டிருக்கின்றன. அல்லது இஸ்திரிப் பெட்டி துணியை இழுத்து நீட்டியிருக்கிறது. அதுவும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் தையல் துணியின் ஓரத்துக்கு நழுவியிருக்கிறது. அப்படியானால் கொஞ்ச நாளில் அங்கே பிரியும்.

இதற்கு மேல் என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. வீடியோவாலும் முடியாது. வீடியோவில் ஆசிரியரின் கை தெரியும், உங்கள் கை தெரியாது. நீங்கள் நூற்றுக்கு நூறு அவர் செய்வதைத்தான் செய்வதாக நம்பிக்கொண்டிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு இப்போது தேவை நேரில் ஒரு பாடம். ஆனால் அந்த ஆறு வார வகுப்பு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் இடது கை.

நீங்கள் அதைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நானோ கடிதத்தில் அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ரோட்டரி கட்டர்கள், அதாவது சக்கரக் கத்திகள், பெரும்பாலும் வலதுகைக்காரர்களுக்கு ஏற்றபடி பூட்டப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. வலது கையால் வெட்டுபவர் ஸ்கேலை இடது கையால் அழுத்திக்கொண்டு, அதன் வலது ஓரமாக வெட்டுகிறார். ஆகவே சக்கரம் கைப்பிடிக்கு இடப்பக்கம் இருக்கும். ஸ்கேலின் ஓரத்தோடு ஒட்டி உருளும். அதே கத்தியை நீங்கள் இடது கையில் பிடித்து ஸ்கேலின் இடது ஓரமாக வெட்டும்போது சக்கரம் ஸ்கேலுக்கு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. ஸ்கேலைத் தொட்டுக்கொண்டு போவது கத்தியின் உடம்பு. சக்கரம் சற்றுத் தள்ளி ஓடுகிறது. கையைச் சாய்த்தால் ஓர் அளவு, நிமிர்த்தினால் வேறோர் அளவு. வெட்டும் கோடும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சதுரத்துக்குச் சதுரம் அளவு மாற இது ஒன்றே போதும்.

நல்லவேளையாகப் பல கத்திகளில் மறையைக் கழற்றிச் சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பூட்டலாம். இன்று முதல் வேலையாக உங்கள் கத்தியை எடுத்துப் பாருங்கள். சக்கரம் இடப்பக்கம் இருந்தால் மாற்றுங்கள். கழற்றும்போது எந்த உருப்படிக்குப் பின் எது என்று வரிசையாக மேசையில் வைத்துக்கொண்டு, அதே வரிசையில் திரும்பப் பூட்டுங்கள். சக்கரத்தை விளிம்பில் தொடாதீர்கள். ரேசர் பிளேடைவிட அதற்கு இரக்கம் குறைவு. மாற்ற முடியாத மாதிரி என்றால், இரு கைக்கும் பொருந்தும் கத்தி வாங்குவது வகுப்புக் கட்டணத்தைவிட உங்களுக்கு உடனே பலன் தரும்.

வெட்டும்போது இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உட்கார்ந்து வெட்டாதீர்கள், நின்று வெட்டுங்கள். தோளின் பலம் ஸ்கேலில் இறங்கினால்தான் அது நழுவாது. ஒரே சமயத்தில் நான்கு மடிப்புத் துணியை வெட்டாமல், இப்போதைக்கு இரண்டோடு நிறுத்துங்கள். மூன்றாவது, ஸ்கேலின் கோடுகளை வைத்து அளந்தால் எல்லாவற்றையும் அதை வைத்தே அளங்கள். பாதி ஸ்கேலிலும் பாதி, துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட்டின் கோட்டிலும் அளந்தால் இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்கேலின் கோட்டுக்கே ஓர் அகலம் உண்டு. துணியின் ஓரம் கோட்டுக்கு அடியில் வரவேண்டுமா, கோட்டை ஒட்டி வெளியே நிற்க வேண்டுமா என்று நீங்களே ஒரு முடிவெடுத்து, கடைசிச் சதுரம் வரை அதை மாற்றாதீர்கள்.

தையலைத் தனியாகச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி நீளவாட்டில் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்ட பிறகு நடுப்பட்டை மிகச் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஊசிக்கும் துணியின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறையுங்கள். குவில்ட் தைப்பவர்கள் கால் அங்குலம் என்று சொல்வது உண்மையில் கால் அங்குலத்துக்கு ஓரிரு இழை குறைவு. மடிப்பு திரும்பும் இடத்தில் துணி கொஞ்சம் இடத்தைத் தின்றுவிடுவதால் அந்தச் சலுகை. மெஷினோடு வரும், துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரணப் பாதத்தின் ஓரத்தை வைத்து நீங்கள் தைத்திருந்தால், அது பெரும்பாலும் கால் அங்குலத்தைவிட அகலம். தலையணை உறையில் இது யார் கண்ணுக்கும் படாது. ஒரு வரிசைக்கு பன்னிரண்டு சதுரம் உள்ள குவில்டில் பதினொரு தையல்; தையலுக்கு ⅛ என்றால் வரிசையில் 1⅜ அங்குலம் காணாமல் போகும். உங்கள் இத்தனை நாள் தையல் அனுபவம் இங்கே எதிராகக்கூட வேலை செய்யும். உறையும் பையும் தைத்துப் பழகிய கை, துணி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்கிறது. குவில்டில் அதற்கு இடமில்லை.

இஸ்திரி பற்றியும் ஒரு வார்த்தை. சட்டைக்குத் தேய்ப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்த்தால் துணி நீளும். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முக்கோணங்களுக்குப் போகும்போது இது இன்னும் முக்கியம். அங்கே ஓரங்கள் கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டப்பட்டிருக்கும். பாவும் ஊடையும் பிடித்துக்கொள்ளாததால் விரல் பட்டாலே இழுபடும். மூலைகள் சேருவதற்கு இன்னொரு வழி, முதல் வரிசையின் தையல்களை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் தையல்களை இடப்பக்கமும் மடித்து அழுத்துவது. இரண்டு வரிசையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அந்த மேடுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலைகள் தாமே நேராக நிற்கும்.

இவை எல்லாம் செய்த பிறகு ஐந்தாவது கட்டம் ஒன்றைத் தையுங்கள். நான்கு பக்கமும் 9½ வந்துவிட்டால் கடை வகுப்பைச் சில மாதம் தள்ளிப் போடலாம். வராவிட்டால் நேரில் போங்கள். முதல் முறை இது சரிப்படாமல் போனாலும் வருந்த ஒன்றுமில்லை. காரணம் ஒன்றாக இல்லாமல் இரண்டு மூன்றாகக் கலந்திருக்கலாம்.

இனி அந்த ஆறு வார வகுப்பு. வாரம் ஒரு புதுக் கட்டம் என்ற திட்டம் கேட்க நன்றாக இருக்கும். முதல் வாரம் ஒன்பது சதுரம், அடுத்து முக்கோணம், பிறகு நட்சத்திரம் என்று போகும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டத்தை முடித்தாக வேண்டிய ஆசிரியருக்கு உங்கள் வெட்டு ஏன் கோணுகிறது என்று நின்று பார்க்க நேரம் இருக்காது. முதல் வாரக் கோணல் திருத்தப்படாமலே ஆறாவது வாரம் வரை கூடவே வரும். முடிவில் உங்கள் கையில் அளவு பொருந்தாத ஆறு கட்டங்கள் இருக்கும். ஏற்கெனவே நான்கு வைத்திருக்கிறீர்கள். இது ஏற்கெனவே நேராக வெட்டத் தெரிந்து, புதுப்புது வகைகளைப் பார்க்க விரும்புபவர்களுக்கான வகுப்பு. அவர்களுக்கு நல்ல வகுப்புதான்.

அதற்குப் பதிலாக, வெட்டுவதும் சேர்த்துத் தைப்பதும் மட்டும் சொல்லித்தரும் ஒருநாள் வகுப்பு அந்தக் கடையில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆசிரியரிடம் இரண்டு மணி நேரம் தனியாகக் கட்டணம் கட்டிக் கற்க முடியுமா என்று கேளுங்கள், பலர் சம்மதிப்பார்கள். பயணமும் ஒரே நாளோடு முடியும். பணம் கட்டுவதற்கு முன்னால், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள். உங்கள் சொந்த மெஷினை எடுத்துவர விடுவார்களா என்பது அதைவிட முக்கியம். கடையின் விலை உயர்ந்த மெஷினில், அதற்கென்றே உள்ள கால் அங்குலப் பாதத்தில் அழகாகத் தைத்துவிட்டு வந்து வீட்டு மெஷினில் பழைய கதையே தொடர்ந்தால் என்ன பயன்? இடதுகைக்காரர் யாருக்காவது சொல்லித்தந்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். ஆசிரியர் தயங்கினால், அவர் உங்களுக்கு எதிரே நின்று செய்து காட்டட்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் பக்கத்துக்குச் சரியாக இருக்கும்.

கடைகள் வகுப்பு நடத்துவதில் துணி விற்கும் நோக்கமும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் வகுப்புக்கான துணிப் பொதியைக் கட்டாயம் அங்கேதான் வாங்க வேண்டும் என்றால், அதன் விலையையும் சேர்த்துத்தான் வகுப்பின் கட்டணத்தைக் கணக்கிட வேண்டும். அதே சமயம் கடையில் கிடைக்கிற ஒரு நன்மையை எந்தத் திரையும் தராது: துணியைத் தொட்டுப் பார்க்கலாம். உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு பருத்தியா, பாலியஸ்டரா, இரண்டும் கலந்ததா என்பதைப் பொறுத்துக் குவில்ட் விழும் விதமே மாறும். அதை விரலால் அறிவதுதான் எளிது. பஞ்சு விரிப்பின் உறையில், தையல் வரிகளுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதை மீறினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டிக்கொள்ளும். வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் நான் கடைப் பக்கம் என்று நினைக்க வேண்டாம். வெட்டும் கை சரியான பிறகு, அடுத்த ஒரு வருடத்துக்கு நீங்கள் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை இணையத்திலேயே கற்கலாம். சிலவற்றை இணையத்தில்தான் நன்றாகக் கற்க முடியும். கையால் குவில்ட் செய்யும் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, துணிக்கு அடியில் இருக்கும் விரலில் முனை பட்டவுடன் திருப்பி, மேலும் கீழுமாக ஆட்டி நான்கைந்து தையல்களை ஊசியிலேயே சேர்த்துக்கொண்டு இழுப்பார்கள். கூட்டமான வகுப்பில் ஆசிரியரின் கையைச் சுற்றி நிற்கும் மற்றவர்களின் தோள்தான் உங்களுக்குத் தெரியும். வீடியோவில் அந்தக் கை திரை முழுவதும் வரும். வேகத்தைக் குறைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. வீடியோவை இட வலமாகத் திருப்பிக் காட்டும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. திருப்பினால் உலகத்தின் எல்லா ஆசிரியர்களும் இடதுகைக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஸ்கேலில் உள்ள எண்கள் மட்டும் இட வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

காகிதத்தின்மேல் வைத்துத் தைக்கும் முறையும் அப்படித்தான். அதில் துணி ஒரு பக்கம், கோடு மறுபக்கம். முதல் சில முறை மூளை தடுமாறும். நிறுத்தி, யோசித்து, மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பதற்கு வீடியோவே சிறந்தது. ஓரப்பட்டையின் மூலை மடிப்பும் அதே வகை. மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நிறுத்து, திருப்பு, மேலே மடி, கீழே மடி என்ற அந்த நான்கு அசைவும் ஒவ்வொரு குவில்டிலும் கடைசியில்தான் வரும். அதற்குள் மறந்திருப்போம். இரவு பதினொரு மணிக்கு எந்த ஆசிரியரையும் அதற்காக அழைக்க முடியாது.

இலவசமா, கட்டணமா? உங்கள் வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எப்படித் தைப்பது என்பதற்கு இலவச வீடியோக்கள் தாராளமாகப் போதும். அவற்றில் குறைவது வரிசை. இன்று நட்சத்திரம், நாளை பை, அடுத்த நாள் விரைவாகத் தைக்கும் தந்திரம் என்று கையைப் பிடித்து எங்கெங்கோ இழுத்துப்போகும். கட்டண வகுப்புக்கு நீங்கள் பணம் தருவது வரிசைக்காகவும், கேள்வி கேட்கும் உரிமைக்காகவும்தான். எனவே அந்த இணைய வகுப்பில் மாணவர்கள் அனுப்பும் படங்களை ஆசிரியர் பார்த்துப் பதில் தருகிறாரா என்று விசாரியுங்கள். தருவார் என்றால் பாதிக் கட்டணம் நல்ல பேரம். தரமாட்டார் என்றால் அது தொகுத்த வீடியோ மட்டுமே. படம் அனுப்பும்போது கட்டத்தின் முன்பக்கத்தை அல்ல, பின்பக்கத்தை எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் தெரியட்டும். அனுபவமுள்ள ஆசிரியருக்குப் பின்பக்கத்தில் தையல் அகலம், மடித்த திசை, இஸ்திரி போட்ட விதம் எல்லாம் தெரிந்துவிடும்.

'வாழ்நாள் முழுவதும்' என்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அது அந்தத் தளத்தின் வாழ்நாள், உங்களுடையது அல்ல. குவில்டிங், பின்னல் வகுப்புகளுக்குப் பெயர்பெற்ற கிராஃப்ட்ஸி என்ற இணையதளம், என்பிசி யுனிவர்சல் நிறுவனத்தின் கைக்குப் போய், புளூபிரிண்ட் என்று பெயர் மாறி, 2020இல் மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பணம் கட்டி வகுப்புகளை வாங்கி வைத்திருந்தவர்கள் பதறிப்போனார்கள். வேறொரு நிறுவனம் வாங்கியதால் பழைய பெயரிலேயே மீண்டும் வந்தது. எல்லாத் தளங்களுக்கும் அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. பாடக் குறிப்புகளையும் கட்ட வரைபடங்களையும் முதல் நாளே இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு சமயத்தில் நேரில் போகச் சொல்வேன். மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் மெஷினில் விருப்பம்போல் வளைத்துத் தைக்கும் நிலைக்கு நீங்கள் வரும்போது. அப்போது மெஷினின் பற்கள் கீழே இறக்கப்பட்டிருக்கும். துணியை நகர்த்துவது உங்கள் கைதான். கையின் வேகமும் மிதியின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால், வளைவுகளில் அடிப்பக்க நூல் நேராக இழுபட்டு, மேல் நூல் அதன்மேல் சின்னச் சின்ன முடிகளாக நீட்டிக்கொண்டு நிற்கும். நல்ல ஆசிரியருக்குத் துணியைப் புரட்டிப் பார்க்கவே வேண்டாம். மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டு, 'கையை மெதுவாக்குங்கள்' என்பார். மற்றபடி, அடிப்பக்கம் முழுக்கக் கொத்துக் கொத்தாகச் சுருள் விழுந்தால் பாபினைக் குற்றம் சொல்ல வேண்டாம். மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மேல் நூலைப் புதிதாகக் கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராது. இதற்கு எந்த வகுப்பும் தேவையில்லை.

கடைசியாக, அந்த நான்கு கட்டங்கள். நேர்ப்பாடம் முடியும்வரை அவற்றை வெட்டிச் சரிசெய்ய வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். குறிப்பாக நான்காவதைப் பத்திரமாக எடுத்துப்போய் ஆசிரியரிடம் பின்பக்கம் காட்டுங்கள். எங்கே நழுவியது என்று அதுதான் சொல்லும். திரும்பி வந்த பிறகு நான்கையும் 9 அங்குலத்துக்கு ஒழுங்காக வெட்டுங்கள். நடுச்சதுரம் சரியாக மையத்தில் நிற்கும்படி ஸ்கேலை வைத்து நான்கு பக்கமும் சீவினால் போதும். அப்போது வெளிச் சதுரங்கள் கொஞ்சம் ஒடுங்கும். அதையும் மறைக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு கட்டத்தையும் நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் நடுவே வெட்டி, கிடைக்கும் நான்கு துண்டுகளில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டை மட்டும் அரைச்சுற்றுத் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒன்பது சதுரம் என்று யாருக்கும் தெரியாத புது வடிவம் வரும். மொத்தம் பதினாறு துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 4½ அங்குலம். வரிசைக்கு நான்காக இணைத்தால், கால் அங்குலத் தையலோடு 16½ அங்குலச் சதுரம். ஒரு தலையணை உறைக்கு அது போதும். உறை தைப்பது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.